தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்புகிறவர்

சருமம் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. மருத்துவரைச் சொல்லவில்லை. அவர் படித்தவர், தெரியாததைத் தெரியாது என்பார், நாம் தேடிப் போனால்தான் பார்ப்பார். நான் சொல்கிறவர் நீங்கள் போகாமலே பார்ப்பார். லிஃப்டில் பார்ப்பார், பஸ் நிறுத்தத்தில் பார்ப்பார், குப்பையைத் தரம் பிரித்துப் போடும் இடத்தில் ஒரு கையில் பால் அட்டையும் மறு கையில் மீன் முள்ளுமாக நீங்கள் நிற்கும்போது பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மா போனால் நான் ஏன் எழுதப் போகிறேன்?

எங்கள் கொரியாவில் இருவர் சந்தித்துக்கொண்டால் வயதைக் கேட்பது வழக்கம், சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது பாசம். இவர் இரண்டையும் கேட்பதில்லை. உங்கள் தாடையை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்புவார். ஜன்னல் இல்லாத இடமென்றால் கைபேசி விளக்கு. பிறகு ஒரு பெருமூச்சு. கடன்காரனுக்கு அஞ்சாதவர்கள், மாமியாருக்கு அஞ்சாதவர்கள் எல்லாம் அந்தப் பெருமூச்சுக்கு அஞ்சி நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புச்சன் ஊரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் கட்டிடத்துக்கு வாய்த்தவர், ஆறாம் மாடி மல்ஜா அக்கா. வயது அறுபத்திரண்டு. முன்பு தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைப் பிரிக்கிறார். வறண்டது, எண்ணெய் வழிவது, இரண்டும் கலந்தது, தொட்டால் சிவப்பது, இவை போக ‘வெளியே எண்ணெய், உள்ளே வறட்சி’ என்று ஒன்று. இந்தக் கடைசி வகைமேல் அக்காவுக்குத் தனிப் பிரியம். அதை யாராலும் இல்லை என்று நிரூபிக்க முடியாது அல்லவா?

ஒருநாள் பார்சல் கொண்டுவருகிறவர், நாற்பது வயது இருக்கும், இரண்டு பெட்டி ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு எங்களோடு லிஃப்டில் ஏறினார். கை இரண்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஓடவும் முடியாது.

"ஏம்ப்பா, மூஞ்சிய எதுல கழுவுற?"

"சோப்புலதாங்க."

"எந்த சோப்பு?"

"கை கழுவற சோப்புதான்."

மல்ஜா அக்கா லிஃப்ட் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் மாடியில், "உனக்கு வீட்ல யாரும் இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு படியேறித்தான் வருகிறார்.

எந்த க்ரீமை வாங்கினாலும் கூடவே ஒரு பிடி இலவச மாதிரிப் பொட்டலம் தருவது எங்கள் கடைக்காரர்களின் பழக்கம். அக்கா அவற்றையெல்லாம் கிம்ச்சி ஊறுகாய் இருந்த பழைய டப்பாவில் வகைவாரியாக அடுக்கி, பாதியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடமாடுகிறார். குளித்து வெளியே வந்த மூன்று வினாடிக்குள் முதல் பூச்சைப் பூசிவிட வேண்டும், நான்காவது வினாடியில் தோல் மூடிக்கொள்ளும் என்பது அவர் சட்டம். எரிவாயுக் குழாயைச் சோதிக்க வந்த பெண்மணி வாசலில் பதினைந்து நிமிடம் நின்றதும், உள்ளிருந்து "இன்னும் அஞ்சு பூச்சு இருக்கும்மா!" என்று குரல் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

துக்க வீட்டையாவது விட்டுவைத்தாரா? பக்கத்துக் கட்டிடத்துப் பெரியவர் காலமானபோது ஆஸ்பத்திரியின் துக்கக் கூடத்தில் நாங்கள் எல்லோரும் துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தரும் காரமான மாட்டிறைச்சி சூப்பைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா எழுந்து போய், கணவரை இழந்த அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பரவாயில்லை, ஈரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"அழும்மா, நல்லா அழு. ஆனா துடைக்காத. ஒத்தி எடு. கண்ணுக்குக் கீழ தோல் ரொம்ப மெலிசு" என்றார். பிறகு வெள்ளைச் சாமந்திக்கு நடுவே இருந்த பெரியவரின் படத்தை நிமிர்ந்து பார்த்து, "கலப்புத் தோல். மனுஷன் கவனிக்கவே இல்ல" என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் இந்த இனத்தோடு சண்டை போட முடியாததற்குக் காரணம்.

சிரித்துவிட்டுப் போகத் தக்கவர் என்றுதான் போன ஜனவரி வரை நானும் நினைத்திருந்தேன்.

என் எதிர் வீட்டில் இருப்பவர் நாரே அம்மா; பிள்ளையின் பெயரோடு அம்மா என்று சேர்த்துக் கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. சந்தையில் சின்னதாக ஒரு கடை. தாமரைக்கிழங்கு வதக்கல், நெத்திலிப் பொரியல், சோயாவில் ஊறிய முட்டை என்று தொடுகறிகள் செய்து விற்று மகளைப் படிக்க வைத்தார். நாரே நூலகத்தில் வேலை பார்க்கிறாள், இருபத்தொன்பது வயது. கியுமின் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. பையனின் குடும்பம் சியோலில் சொந்தக் கட்டிடம் உள்ள குடும்பம். இரு வீட்டாரும் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் கல்யாணத் தேதி குறிக்க ஒரு சனிக்கிழமை முடிவாகியிருந்தது. அந்த ஒரு சாப்பாட்டில் எத்தனையோ கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. துணைக்கு ஆள் இல்லாத நாரே அம்மா என்னைப் பெரியம்மா முறையில் வரச் சொல்லியிருந்தார்.

"நம்மகிட்ட என்ன இருக்கு, சூபின் அம்மா? தொடுகறிக் கடைக்காரி பொண்ணுன்னு ஒரு பார்வை பாப்பாங்க. பொண்ணு மூஞ்சியாவது பளிச்னு இருந்தா வாய மூடிக்குவாங்கல்ல" என்றார் என்னிடம். இதை மல்ஜா அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கேதான் வந்தது வினை.

அடுத்த நாளே வந்துவிட்டார். நாரேயின் தாடை ஜன்னல் பக்கம் திரும்பியது.

"உன் தோல் என்ன வகை?"

"தெரியலையே, பெரியம்மா. தண்ணில கழுவுவேன், ஒரு க்ரீம் போடுவேன். நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்குன்னு நீ நினைச்சுட்டிருக்க."

நல்லாத்தான் இருந்தது. நான் சாட்சி. ஆனால் வகை தெரியாமல் நன்றாக இருப்பதை இந்த இனத்தால் பொறுத்துக்கொள்ள முடியாது.

பரிசோதனை இப்படி: முகத்தைக் கழுவ வேண்டும், எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், பிறகு எண்ணெய் ஒற்றும் தாளை நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். நாரே அம்மா, அக்கா வந்திருக்கிறாரே என்று தரைக்குக் கீழே ஓடும் வெந்நீரின் சூட்டை உச்சத்தில் வைத்திருந்தார். குளிர்காலத்தில் அதுதான் எங்கள் உபசாரம். ஜன்னல்கள் அடைத்திருந்தன. நாரேயைத் தரையில் மிகவும் சூடான மூலையில், மரியாதைக்குரிய இடத்தில் உட்கார வைத்தார்கள். சும்மா இருப்பானேன் என்று எங்கள் இருவரையும் முகம் கழுவ வைத்தார் அக்கா. ஒரு மணி நேரம் மூவரும் மொட்டை முகத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கொடியில் போட்டிருந்த ஈரத் துண்டு அதற்குள் பொரித்த அப்பளம்போல விறைத்துவிட்டது.

தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. "மூணு பேருக்கும் வறண்ட தோல்" என்றார் அக்கா.

அந்தக் குளிர்காலத்தில் அவர் எங்கள் கட்டிடத்தில் பத்தொன்பது பேரைச் சோதித்தார். பத்தொன்பது வீட்டிலும் உபசாரத்துக்குக் குறைவில்லை. பத்தொன்பது பேருக்கும் வறண்ட தோல். ஒரே கட்டிடத்தில் இத்தனை பேருக்கா என்று கவலைப்பட்ட மாதர் சங்கத்தார், குடிநீர்க் குழாயில்தான் கோளாறு என்று நிர்வாக அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார்கள். தரைச் சூட்டைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் என்று பதில் வந்தது. அலட்சியமான பதில் என்று எல்லோரும் கோபப்பட்டோம். நானும் கையெழுத்துப் போட்டவள்தான்.

நாரேக்கு ஏழு பூச்சு விதிக்கப்பட்டது. முதலில் தண்ணீர் மாதிரி ஒன்று, அதைவிடக் கொஞ்சம் கொழகொழவென்று ஒன்று, சொட்டுச் சொட்டாக விடுவது ஒன்று, அதையே இன்னும் சின்ன சீசாவில் அடைத்து இன்னும் அதிக விலைக்கு விற்பது ஒன்று, இப்படியே ஏறிக்கொண்டு போய்க் கடைசியில் குதிரைக் கொழுப்பில் செய்த க்ரீம், அதற்கு மேல் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் தாள். அம்மாவின் முகத்துக்காக அந்தப் பெண் எல்லாவற்றையும் பூசிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் தாடையில் நாலு பரு. ஏழாம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து தடித்து, நெற்றியெல்லாம் முத்து முத்தாக எழும்பிவிட்டது. நாரே அம்மா அழுதுகொண்டே ஆறாம் மாடிக்கு ஓடினார்.

"உள்ள இருந்த நஞ்செல்லாம் வெளிய வருது. நல்ல அறிகுறி" என்றார் அக்கா. "இன்னும் ரெண்டு பூச்சு கூட்டு."

அன்று எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிம்ச்சி டப்பாவைத் தூக்கி மாடியிலிருந்து வீசியிருப்பேன். வீசவில்லை. அவர் அந்தப் பெண்ணுக்காகத் தன் காசில் இன்னொரு டப்பா குதிரைக் கொழுப்பு வாங்கி வைத்திருந்தார். என்ன செய்வீர்கள் அவரை?

சனிக்கிழமை வந்தது. பருவின் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல ஒப்பனை போட்டுக்கொண்டு நாரே காரில் ஏறினாள். சியோலில் ஒரு விருந்துக் கடையின் தனி அறை. அங்கும் தரை கொதித்தது. மாப்பிள்ளையின் அப்பா வறுத்த மீனின் முள்ளைப் பிரிப்பதிலேயே கண்ணாக இருந்தார். மாப்பிள்ளை உப்பைக் கேட்பதற்குக்கூடத் தைரியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எதையும் தொடாமல் நாரேயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, நாரேயின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பினார். பிறகு ஒரு பெருமூச்சு.

"உனக்கு எண்ணெய் வழியற தோல்தானேம்மா?"

சியோலிலும் ஒன்று!

"இல்லைங்க சம்பந்தி" என்றார் நாரே அம்மா. "வறண்ட தோல். முறையா சோதிச்சுப் பாத்தாச்சு."

"யாரு பாத்தா?"

"எங்க கட்டிடத்துல ஒரு அக்கா."

"அக்காவா! முப்பது வருஷமா மூஞ்சி பாக்கறவ நான். மூக்குப் பக்கம் பாருங்க. பச்சைக் குழந்தைகூடச் சொல்லும், எண்ணெய்த் தோல்."

"பெத்தவளுக்குத் தெரியாதா என் பொண்ணு தோல் என்னன்னு?"

"தெரிஞ்சிருந்தா இந்தக் கோலத்துலயா இருக்கும்? எங்க வீட்டுக்கு வரணும்னா மொதல்ல அந்தக் கண்ட க்ரீமையெல்லாம் நிறுத்தட்டும்."

"எங்க வீட்ல எதப் பூசணும்னு நாங்க பாத்துக்கறோம்!"

நாரே அம்மா கைப்பையைத் தேடினார். எழுந்து போவதற்கு. பன்னிரண்டு வருடம் தனியாகக் கடை நடத்தி ஆளாக்கிய பெண்ணின் கல்யாணம், வறட்சியா எண்ணெயா என்ற கேள்வியில் நின்றுபோகப் பார்த்தது. கடையைப் பற்றியோ சொத்தைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

நாரே எழுந்து வெளியே போனாள். கழுவும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தில் ஒப்பனை இல்லை. சிவப்பும் தடிப்புமாக, தண்ணீர் சொட்டச் சொட்ட, மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இதுதான் என் மூஞ்சி. வகை என்னன்னு எனக்குத் தெரியாது. தேதி சொல்றீங்களா, இல்ல சாப்பிட்டுக் கிளம்பலாமா?"

மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். முதல் தடவையாக வாயைத் திறந்து, "எனக்கு ஏப்ரல்ல லீவு கிடைக்கும்" என்றான்.

"ஏப்ரல் இருபத்தாறு" என்றார் அவன் அப்பா, மீனிலிருந்து தலையை எடுக்காமல். "சனிக்கிழமை. எல்லாரும் சாப்பிடுங்க, ஆறுது."

இரண்டு அம்மாக்களும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு காகிதத் துவாலையை நாரேயிடம் நீட்டினார்கள். அவள் கையாலேயே முகத்தை வழித்துவிட்டுச் சோற்றில் சூப்பை ஊற்றிக்கொண்டாள்.

இந்தக் கதையை நான் பொதுக் குளியல் கூடத்தில் சொல்லியிருக்கிறேன், சந்தையில் சொல்லியிருக்கிறேன், என் தங்கைக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அது சரி, அந்தப் பொண்ணுக்கு நிஜத்துல என்ன தோலு?" நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். வறண்ட தோலா எண்ணெய்த் தோலா என்று இரண்டு பக்கமாக நீங்களும் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.