ஒலி ஐயாவின் இரண்டாவது வரிசை

"மேடைக்குப் போற பிள்ளைங்க எல்லாரும் ஏம்மா நல்லா நடக்கிறாங்க?"

குண்டூசி ஒருநாள் தன் அம்மாவிடம் இப்படிக் கேட்டாள். வாயால் அல்ல, விரல்களால். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. இடுப்புக்குக் கீழே உணர்வும் கிடையாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே உலகத்தைக் குத்திக் குத்திக் கேள்வி கேட்பாள். பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

கேட்ட இடம் ஒரு பழைய நாடக அரங்கம். அங்கேதான் ஒலி ஐயா இறங்கியிருந்தார். அடைத்த காதைத் திறக்கும் மகான்! "ஐயா தும்மினா பக்கத்துத் தெருவுல ஊமை பாடுது" என்றார் பெட்டிக்கடைக்காரர். அந்தத் தெருவுக்குப் போய் விசாரித்தால், அதற்கும் பக்கத்துத் தெருவாம். ஆனாலும் கூட்டம் அலைமோதியது. பெற்ற வயிறு பதறும்போது தெருப்பெயரை யார் கேட்கிறார்கள்?

வாசலில் வெள்ளை உடையில் ஒரு சீடர். கழுத்தில் விசில். காது கேளாத பிள்ளைகளை ஒழுங்குபடுத்த விசில் கொண்டுவந்த மனிதர், மூளையை எங்கே வைத்துவிட்டு வந்தாரோ! ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தி விசாரித்தார்.

"நடப்பானா? கண்ணு தெரியுமா? வலிப்பு கிலிப்பு உண்டா? நில்லுன்னா நிப்பானா?"

காது மட்டும் கேட்காத பிள்ளை முதல் வரிசை. கூடவே வேறு குறையும் இருந்தால் இரண்டாவது வரிசை. முதல் வரிசை ஆறு மாதிரி ஓடியது. இரண்டாவது வரிசை அரங்கத்துக்குள், பின்வாசல் ஓரம், பாறை மாதிரி கிடந்தது.

"ஏங்க, எங்களை எப்போ கூப்பிடுவீங்க?" என்று சீடரிடம் கேட்டாள் குண்டூசியின் அம்மா. ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் தையல்காரி அவள்.

"ஒரு குறைன்னா ஒரு பாவம்மா. ரெண்டு குறைன்னா ரெண்டு பாவம். ஐயா ஒண்ணொண்ணாத்தானே கழுவணும்?"

பாவத்தையும் உருப்படி எண்ணி வாங்குகிற சலவைக்கடை!

காணிக்கை போக, ஐயாவின் நிபந்தனை இரண்டு. காதுமெஷினைக் கழற்றி மரப்பெட்டியில் போட வேண்டும். விரல் பேச்சை அடியோடு நிறுத்த வேண்டும். "விரல் பேசினால் நாக்கு தூங்கிவிடும்" என்பது அருள்வாக்கு.

பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷன், பஸ் ஓட்டுகிறவர், அருள்வாக்கை அப்படியே விழுங்கியிருந்தார். "நாளையிலேர்ந்து அந்த விரல்பேச்சுப் பள்ளிக்கூடம் வேண்டாம். வீட்டுலயும் யாரும் கையை ஆட்டிப் பேசக் கூடாது."

"அப்ப அவ எப்படிங்க பேசுவா?"

"காது திறந்ததும் பேசுவா."

"திறக்கிற வரைக்கும்?"

புருஷன் திடீரென்று மின்விசிறியின் அழகை ரசிக்க ஆரம்பித்தார்.

தையல்காரி பக்தி உள்ளவள். கும்பிடாமல் தையல் மெஷினில் கால் வைக்க மாட்டாள். ஆனால் மகளுடைய விரல்களைக் கட்டிப்போட்டால், அந்த வீட்டில் மகள் யாரோடு சிரிப்பாள்?

மேடையில் அற்புதம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. செருப்பில்லாமல் ஒரு பிள்ளை முதுகைக் காட்டி நிற்கும். பின்னால் ஒலி ஐயா, கையில் இரும்புப் பூண் போட்ட கோல். "குழந்தாய்!" என்று கர்ஜித்துக் கோலால் பலகையில் ஓங்கி ஒரு குத்து. டொம்! பிள்ளை திரும்பும். அரங்கமே அலறும்.

அன்று பொக்கைவாய்ப் பையன் ஒருவனும் திரும்பினான். அவன் அம்மா, ரொட்டிக்கடைக்காரி, அழுதுகொண்டே அவனுடைய காதுமெஷினைப் பெட்டியில் போட்டாள். அதில் ஒரு சிங்கப் படம் ஒட்டியிருந்தது.

குண்டூசி அம்மாவின் கையை இழுத்தாள். விரல்கள் பறந்தன.

"எங்க வகுப்புல பாதிப் பேருக்கு இன்னொரு குறையும் இருக்கு. ஒருத்தனுக்குக் கண்ணு, ஒருத்திக்கு வலிப்பு, எனக்குக் காலு. மேடையில ஒருத்தருக்குக்கூட இல்லையே? பாவம் செஞ்ச எல்லாரையும் எங்க வகுப்புலயே சேத்துட்டாங்களா?"

அம்மா விரலை உயர்த்தினாள். அதற்குள் வரிசையில் ஒரு சின்னவன் அப்பாவின் பிடியை உதறிக்கொண்டு ஓடினான். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. அப்பா கூப்பிடவில்லை, எதற்குக் கூப்பிட வேண்டும்? பலகைத் தரையில் காலால் ஓங்கி ஒரு தட்டு. டொம்! சின்னவன் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடினான்.

தையல்காரி அந்தக் காலைப் பார்த்தாள். மேடைக் கோலைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கியது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"பிடிங்க" என்று குண்டூசியைத் தூக்கிப் புருஷன் மடியில் வைத்தாள். நாற்காலியிலிருந்த தடித்த ஸ்பாஞ்சு மெத்தையை உருவிக்கொண்டு மேடை ஏறினாள். மடியில் மகள் இருக்க, மனுஷனால் எழுந்து தடுக்கவும் முடியவில்லை.

"ஐயா, ஒரே ஒரு விண்ணப்பம். குணமான பிள்ளை இந்த மெத்தை மேல நிக்கட்டும். நீங்க கூப்பிடுங்க."

"நம்பிக்கையற்றவளே!"

"நம்பிக்கை நிறைய இருக்குதுங்க, கடவுள் மேல. மெத்தையைப் பார்த்தா அவர் ஓடிப்போயிருவாரா?"

கூட்டம் முணுமுணுத்தது. "அடக்கமில்லாத பொம்பளை", "இறக்குங்கப்பா அவளை" என்று குரல்கள். எந்தத் தாயும் தன் பிள்ளையைத் தரவில்லை. கிடைத்த அற்புதத்தை உரசிப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

ரொட்டிக்கடைக்காரி எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. "என் பையனை நிறுத்துறேன். திரும்பினா எனக்குச் சந்தோஷம். திரும்பலைன்னா, எனக்குத் தெரிஞ்சாகணும்."

பொக்கைவாயன் மெத்தை மேல் ஏறி நின்றான். ஐயா தொண்டையைச் செருமினார். "குழந்தாய்!" டொம்!

பொக்கைவாயன் உத்தரத்துப் புறாக்களை வேடிக்கை பார்த்தான்.

"குழந்தாய்!!" டொம்! டொம்! பூண் கழன்று உருண்டது. பொக்கைவாயன் மூக்கை நோண்டினான்.

"மெத்தை அசுத்தம்!" என்று அலறினார் ஐயா.

"சரிங்க, மெத்தை வேண்டாம். இப்போ நீங்க வாயே திறக்காதீங்க."

ஐயா வாயை மூடினார். அன்று நடந்த உண்மையான அற்புதம் அதுதான்! தையல்காரி பையனைப் பலகையில் இறக்கி முதுகைத் திருப்பி நிறுத்தினாள். குதிகாலால் ஒரு தட்டு. டொம்! பொக்கைவாயன் திரும்பினான். மேடையோரம் நின்ற பிள்ளைகள் மொத்தமும் திரும்பின.

"பலகை அதிர்றது பாதத்துல தெரியுது; உணர்வில்லாத என் பொண்ணு காலுக்குத் தெரியாது, அதான் ரெண்டாவது வரிசை. நம்ம வீட்டுல நாம தினமும் இப்படித்தானேப்பா கூப்பிடுறோம்?" என்றாள் தையல்காரி.

அரங்கத்தில் எல்லாரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். அதற்குள் பொக்கைவாயனுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. அவன் குதித்தான், மற்றவர்கள் திரும்பினார்கள். அவர்கள் குதித்தார்கள், இவன் திரும்பினான். டொம் டொம் டொம் என்று மேடையே கும்மாளம் போட்டது. சீடர் கன்னம் வெடிக்க விசில் ஊதினார். ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை.

பின்வாசல் வழியாக நழுவப் பார்த்த ஐயாவை இரண்டாவது வரிசை மறித்தது. அது நகராத வரிசையாயிற்றே! கை ஓங்கியவர்களைத் தையல்காரி தடுத்தாள். "அடிக்காதீங்க. பிள்ளைங்க பாக்குதுங்க. போலீஸ் வரட்டும்."

புருஷன் மடியில் குண்டூசி விரல்களால் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்ன கேக்கிறா?" என்றார் அவர், பக்கத்தில் வந்த மனைவியிடம் மெதுவாக.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டான்னு."

அவர் மகளைப் பார்த்து, உண்டு என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் காலால் தட்டினால் கூப்பிடுவது. மேடையில் கோலால் தட்டினால் தெய்வச் செயல்! அப்படி நம்பிய நம் காதில் அன்று எதைத் திணித்து வைத்திருந்தோம்? கடவுளிடம் ஒரே வரிசைதான் உண்டு, மக்களே. எவனாவது இரண்டாவது வரிசை போட்டால், அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று கொஞ்சம் யோசியுங்கள். மண்டை, தொப்பி மாட்டும் ஆணி அல்ல.

பெட்டியை உடைத்து அவரவர் மெஷினை எடுத்துப் போனார்கள். ரொட்டிக்கடைக்காரி மட்டும் வரவில்லை. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் முன்னாலேயே போய்விட்டாள். பெட்டியின் அடியில் சிங்கப் படம் ஒட்டிய மெஷின் தனியாகக் கிடந்தது.

மறுநாள் காலை ரொட்டிக்கடையின் முன்பக்கம் வியாபாரம் சூடாக இருந்தது. பின்பக்கச் சந்தில் ஈ காக்கை இல்லை. துடைத்துப் புது பேட்டரி போட்ட மெஷினை, திரைத்துணி மிச்சத்தில் தைத்த சின்னப் பையில் வைத்து, பின்கதவின் கைப்பிடியில் மாட்டினாள் தையல்காரி. முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கதவைத் தட்டாமல் நடந்தாள்.