பின்சீட்டு மாமியார்

பொம்மையார்பாளையத்தில் ஈசிஆர் ஓரமாகத் தகர ஷெட் போட்டிருந்த சக்கரச் சாமிக்கு மனிதர்களின் ஜாதகம் பார்க்கத் தெரியாது. கார்களுக்குத்தான் பார்ப்பார். சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். இரவெல்லாம் மூடிய கதவுக்குள் பூஜை. காலையில் பலன். புதுச்சேரியிலிருந்துகூடக் கூட்டம் வந்தது. அத்தனை பேரும் மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததால் ஷெட்டில் இடம் போதுமானதாக இருந்தது.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் அமராவதி, கணவன் ராஜவேலின் நச்சரிப்புத் தாங்காமல்தான் தன் காரை அங்கே விட்டாள். மறுநாள் காலை வந்து பார்த்தால், காரின் பின்பக்கம் இரண்டு விரற்கடை இறங்கிக் கிடந்தது.

"பின்சீட்டுல ஒரு ஆத்மா ஏறி உக்காந்துகிச்சு," என்றார் சாமி. "கார்ல போவணும்னு ஆசைப்பட்டு, போவாமலே செத்த பொம்பள யாராச்சும் உங்க வூட்ல?"

"எங்கம்மாங்க!" ராஜவேலின் குரல் உடைந்தது.

"மருமவ ஓட்டுறது அவங்களுக்குப் புடிக்கல. பெரிய பூஜை போட்டுடலாம். ஆனா இனிமே சாவி உன்கிட்டதான் இருக்கணும்."

ராஜவேல் கையை நீட்டினான். அமராவதி சாவியைக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சாவி வந்த பிறகுதானே அவள் யாரையும் கேட்காமல் போனாள், கேட்காமல் வந்தாள்? மாமியாரை ஒரு தடவையாவது பாண்டிக்குக் கூட்டிப் போயிருக்கலாம் என்று மனம் குத்தவும் செய்தது. பின்சீட்டை ஓரக்கண்ணால் பார்த்தும்விட்டாள். உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. உயிரோடு இருந்தபோதே காற்றடித்தால் சாய்கிற உடம்பு அது. ஆவியான பிறகா எடை கூடியது?

பக்கத்தில் கைதட்டல். இவளைப் போலவே நேற்றுச் சாயங்காலம் வண்டியை விட்டுப்போன வானூர்க்காரி தெய்வநாயகியின் கார் ஒரே இரவில் பின்பக்கம் தூக்கி நின்றது.

"பேய் எறங்கிடுச்சு! வண்டி எழுந்துடுச்சு!"

அமராவதியின் காரும் அதே கம்பெனி, அதே பெயர். இவளுடையதில் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும்; அது வால் நறுக்கிய சின்னக் கார். அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று இறங்கிய இரவில் இன்னொன்று ஏறியிருக்கிறதே?

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, செல்போன் டார்ச்சைத் தன் காருக்கடியில் அடித்தாள். நாலு வருஷம் உப்பளத்து வரப்பில் ஓடிய வண்டி. எங்கே பார்த்தாலும் துரு. பின்சக்கரத்து ஸ்பிரிங் இரண்டு மட்டும் கன்னங்கரேலென்று சுத்தமாக இருந்தன.

"அக்கா, உங்க வண்டி உப்பளத்துப் பக்கம் வந்திருக்குதா?"

"நான் ஏம்மா அங்க வர்றேன்?" என்றாள் தெய்வநாயகி. "வானூர், திண்டிவனம், அவ்ளோதான்."

தெய்வநாயகியின் காருக்கடியில் எல்லாம் சுத்தம். ஸ்பிரிங் இரண்டில் மட்டும் துருவேறி வெள்ளை பூத்திருந்தது. அமராவதி அதை விரலால் சுரண்டிக் கணவனிடம் நீட்டினாள்.

"நாக்குல வெச்சுப் பாருங்க."

"இன்னாடி இது, கரிக்குது!"

"நம்ம உப்புதான். டிக்கி வெச்ச வண்டிக்கு வெயிட்டு தாங்குற ஸ்பிரிங்கு. சின்ன வண்டிக்கு மெலிசு. அந்த மெலிச கழட்டி நம்ம வண்டியில மாட்டுனா இது எறங்கும், நம்மளோடத அந்தச் சின்ன வண்டியில மாட்டுனா அது ஏறும். இதுல உங்கம்மா எங்க வந்தாங்க?"

கூட்டம் சாமியைப் பார்த்தது. சாமி பக்கத்தில் நின்ற தன் சீடனைப் பார்த்தார். சீடன் கைகளைப் பின்னால் மறைத்தான். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"டேய், ஜாக்கிய எடுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்து, ஊர் பார்க்க அன்றைய பூஜை நடந்தது. வீலைக் கழற்றி, ஸ்பிரிங்கை மாற்றினார்கள். ஒரு மந்திரமும் சொல்லாமலே மாமியார் இறங்கிக்கொண்டார். ராஜவேல் தரையைப் பார்த்தபடி சாவியை நீட்டினான். அமராவதி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கை கூப்புங்கள், உங்கள் இஷ்டம். கூப்புவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பார்த்தால் எந்தச் சாமிக்குக் கோபம் வருகிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.