பெண் பார்க்க வந்த எறும்புகள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. (இப்போதும் இருக்கிறது, குறைத்துக்கொள்ளும் உத்தேசமில்லை.)

எழுபதுகளில் விலங்கியல் படித்தபோது, ராணி எறும்பு ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிக் குழாயில் ஒரு கூட்டத்தையே வளர்த்துக் காட்டுவதாக வகுப்பில் சவடால் விட்டிருந்தேன். மழை விட்டதும் சிறகு முளைத்த ராணிகள் வெளிச்சத்துக்கு வரும். ஒரு விளக்கு, ஒரு வெள்ளைத் துணி போதும்.

அந்த மழை, அக்காவைப் பெண் பார்க்க வரும் நாளிலா பெய்யவேண்டும்? ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "பொண்ணு வாயே தொறக்கலையே" என்பதுதான் குறை. ஊத்துக்கோட்டையிலிருந்து வருகிறவர்கள் மழையில் மாட்டிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்தது; எங்கள் புதுவாயலில் கரண்ட் போனது. நைனா வாடகைக்கு எடுத்த பெட்ரோமாக்ஸ் கூடத்தில் சும்மா எரிந்துகொண்டிருந்தது. (விஞ்ஞானிக்குக் கை துறுதுறுக்காதா?)

மழை விட்டதும் கொல்லைக்குத் தூக்கிப்போனேன். கொடியில் நைனாவின் வேட்டியை விரித்து முன்னால் விளக்கை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிறகெறும்புகள் மொய்த்து வேட்டியே தெரியவில்லை. அள்ளி அள்ளிக் குழாய்களில் போட்டேன்.

"அவங்க வந்துட்டாங்க! வெளக்க எங்கமே வெச்ச?" நைனாவின் கத்தல்.

விளக்கோடு கூடத்துக்கு ஓடினேன். விளக்கைத் தேடி வந்தவை விளக்கை விடுமா? அத்தனையும் பின்னாலேயே வந்தன. கேசரியில் சிறகு, மாப்பிள்ளை தலையில் சிறகு. அவருடைய அம்மா பின்கழுத்தில் பட்டென்று அடித்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னா பேஜாரு இது! பொண்ணு பாக்க வந்தோமா, எறும்பு பாக்க வந்தோமா?"

"பயப்படாதீங்க அத்தே, அது ராணி" என்றேன், பெருமையாக.

"ராணின்னா கடிக்காதா?"

"வெளக்க அணைடி மொதல்ல!" என்றாள் அம்மா.

அணைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்த இடமும் என்னால் போச்சு என்று நினைத்தேன். அப்போது இருட்டில் அக்காவின் குரல்:

"கேசரி வோணாம். காப்பி குடிங்க. ஊதிக் குடிங்க."

"ரொம்ப சூடா?" என்றார் மாப்பிள்ளை.

"சூட்டுக்கில்ல. எறும்புக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. "பேசுற பொண்ணு, பரவால்ல" என்றார் அவருடைய அம்மா, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.

காலையில் குழாய்களைப் பார்த்தேன். அத்தனையும் சிறகுள்ள ஆண் எறும்பு. அன்று வந்த ஒரே ராணி, அநேகமாக அந்த அம்மாள் கழுத்தில் நசுங்கியதுதான்.

மாமாவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. கரண்ட் போனால் இன்றும் கத்துகிறார்: "சின்னவளே, வெளக்கு மட்டும் கொண்டாராதே! உங்க அக்கா நாலு வார்த்த பேசட்டும்!"