பொறுப்பண்ணனுக்குப் பக்கத்து நாற்காலி

பொறுப்பண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, தலையில் ஒரு வேலை ஏறாமல் எழுந்துபோன கணக்குப்பிள்ளை கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது.

உத்தமபாளையத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். மாதம் ஒரு ஞாயிறு கம்பத்தில் கூடும் எங்கள் கணக்காளர் சங்கத்தில் யாரைப் பார்த்தாலும் "இது ஒன் பொறுப்பு" என்பார், அதுவே பெயராகிவிட்டது. கூட்டத்தில் தலைவர், "இதை யார் செய்வது?" என்று கேட்டதும், அண்ணன் பக்கத்து ஆளின் முழங்கையைப் பிடித்து மேலே தூக்குவார். தூக்கப்பட்ட கைக்குத் தலைவர் உடனே பாராட்டுத் தெரிவித்துவிடுவார். பட்டப்பகலில் நடந்த அநியாயம் இது!

நான் சங்கத்துக்குப் போனது சேவை செய்ய அல்ல, உளுந்த வடைக்காக. கம்பத்தில் ஒரு வாழைக்காய் மண்டியில் எட்டு வருடமாக இரண்டாம் கணக்கன். தலைமைக் கணக்கர் இடம் காலியானபோது, நமக்குத்தான் என்று புதுச் சட்டைகூடத் தைத்துவிட்டேன். முதலாளி தன் மச்சினனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். அந்த எரிச்சலில், யார் பக்கத்தில் என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து வடையைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் கை தானாக உயர்ந்தது.

அன்று பிடித்தது சனி. மாதாந்திர நோட்டீஸ் எழுது, மைக் செட் சொல்லு, அனுமந்தன்பட்டிவரை சைக்கிள் மிதித்து அழைப்பு கொடு!

"நான் என்ன சங்கத்துக்கு நேந்துவிட்ட கிடாவாண்ணே?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"ஏலே, ஒனக்கு வேலை தெரியும்னு நாலு பேருக்குத் தெரியணும்ல? மண்டிக்குள்ளயே கெடந்தா வாழைத்தாருக்குத்தான் தெரியும்."

வீட்டில் அதைவிட மோசம். "சங்கத்துல சம்பளம் எம்புட்டுத் தாராக?" என்றாள் மனைவி.

"சம்பளமா? வடை."

"அத நானே சுட்டுத் தாரேன். வீட்ல கெடங்க."

போதாக்குறைக்கு நன்றியுரையும் என் தலையில். 'நன்றி' என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டம் பந்திக்கு ஓடிவிடும். நானும் மைக் செட்காரரும் மிஞ்சுவோம். அவரும் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்.

வாட் வரி வரப்போகிறது என்று வியாபாரிகள் தலையில் கைவைத்துக்கொண்டிருந்த நேரம். சங்கம் விளக்கக் கூட்டம் போட்டது. மண்டபம் நிறைந்துவிட்டது. பேச வேண்டிய மதுரைக்காரரின் கார் உசிலம்பட்டியில் படுத்துவிட்டது. நான் முன்ஜாக்கிரதையாக இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எழுந்து வந்து என் கையைத் தூக்கினார்.

"அண்ணே, எனக்கு நன்றியுரை மட்டுந்தான் வரும்!"

"இந்த வரிய வெளக்கி அஞ்சு தடவ அடிச்சுத் திருத்தி நோட்டீஸ் எழுதுனேல்ல? அதையே வாயால சொல்லு."

மேடை ஏறினேன். பழக்கதோஷம், "அனைவருக்கும் நன்றி" என்றுதான் ஆரம்பித்தேன். பாதி மண்டபம் எழுந்து பந்திக்குக் கிளம்பியது. அண்ணன் ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"உக்காருங்கய்யா! சோறு இன்னும் வேகல!"

வேறு வழியின்றி உட்கார்ந்தார்கள். வேறு வழியின்றிப் பேசினேன். வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்டும் வரியில் எப்படிக் கழிப்பது என்று சொல்லச் சொல்ல, கேள்விமேல் கேள்வி. சோறு வெந்தும் ஒருவரும் எழவில்லை.

போடியிலிருந்து வந்திருந்த ஏலக்காய் கம்பெனி முதலாளியம்மா அருகில் வந்தார். "தம்பி, எங்கன வேல பாக்குறீக?"

சொன்னேன்.

"அங்கன என்னத்துக்கு? எங்க கம்பெனிக்குத் தலைமைக் கணக்கரா வாங்க."

இனிப்புப் பொட்டலத்தோடு அண்ணனைப் பார்க்கப் போனேன். வாழ்த்தினாரா? சண்டைக்கு வந்தார்.

"அடுத்த மாச நோட்டீஸ யாருலே எழுதுவா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. எத்தனை பேரின் கையைத் தூக்கிவிட்ட மனிதர்! அவருக்கு மட்டும் இன்னும் அதே ஆலை, அதே கால் ஆடும் மேசை. "ஒரு நாளாச்சும் ஒங்க கையத் தூக்குனீகளாண்ணே?"

"எனக்கெங்க நேரமிருக்கு?" என்றார், லட்டைப் பிட்டுக்கொண்டே.

போடிக்குக் குடிபோனோம். முதல் ஞாயிற்றுக்கிழமை, கம்பத்தில் சங்கக் கூட்டம். எனக்கு நிம்மதி, ஓர் உபத்திரவமும் இல்லை. மத்தியானம்வரை தாக்குப்பிடித்தேன். பிறகு, காய்கறி வாங்கக் கம்பம் போய்வருகிறேன் என்று பையை எடுத்தேன். போடியிலேயே காய்கறி கிடைக்கும் என்று தெரிந்த மனைவி, நோட்டீஸ் எழுதும் பேனாவை என் சட்டைப்பையில் செருகினாள்.