பென்டர் ஏரியின் தன்மை காக்கப்பட்ட வரலாறு

மின்னசோட்டா மாநிலத்தில் பென்டர் ஏரி ஊராட்சி மன்றம் என்று ஒன்று உண்டு. ஏரியின் தன்மையைக் காப்பதே தன் தலையாய கடமை என்று அம்மன்றம் கருதியது. ஏரியின் தன்மை என்றால் என்ன என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டால் யாருக்கும் தெரியாது என்பது தெரிந்துவிடும். ஆனால் அதற்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அது பிர்ச் சந்திலிருந்து வந்தது.

பிர்ச் சந்தில் ஆறு வீடுகள், எல்லாமே ஏரிக்கரை வீடுகளுக்குப் பின்வரிசை. அந்தக் காலத்தில் மனை பிரித்து விற்ற விவசாயி, பாவம் பின்னால் இருக்கிறார்களே என்று, ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் தண்ணீர்வரை வழி விட்டுப் போனார். அந்த வழியின் முனையில் ஆறு வீட்டுக்கும் பொதுவாக ஒரு படகுத்துறை. துறை என்றதும் துறைமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். அலுமினியக் காலில் நிற்கும் பலகைப் பாதை. கரையில் தொடங்கித் தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் போய், எங்கேயும் போய்ச் சேராமல் நின்றுவிடும். அதன் இரண்டு பக்கமும் ஆறு படகுகள்.

ஆறில் ஒன்று வெர்னா ஸ்கோக்குடையது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் புருஷன் லெஸ்டருக்குப் போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சி ஒன்றையும் மனிதர் செய்யவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் துறையின் கைப்பிடியைப் பிடித்து நடந்து, தட்டையான மிதவைப் படகில் ஏறி உட்கார்ந்து தூண்டில் போடுவார். மீன் விழாத நாளிலும் முகம் தெளிந்து திரும்புவார். ஊருக்கெல்லாம் பொதுவான கரைச் சரிவில் படகை இறக்கலாம்தான். அங்கே முழங்கால் தண்ணீரில் நின்று ஏற வேண்டும், அவர் காலுக்கு அது ஆகாது. வெர்னாவுக்கு வேண்டியதெல்லாம் அந்தத் துறையும் அந்தச் சாயங்காலமும்தான்.

ஊராட்சித் தலைவர் ஆர்விட் லுண்ட் முன்வரிசைக்காரர். அவருடைய துறைக்கு இரண்டு வளைவு, ஒரு சோபா, படகுக்கு மேல் ஒரு கூரை. வாசலில் 'இங்கே ஏரி நேரம் மட்டுமே' என்று ஒரு பலகை. முன்வரிசையில் எல்லா வீட்டிலும் அந்தப் பலகை உண்டு; புது மரத்தைச் சுரண்டிப் பழசாக்கி விற்கிற கடையில் வாங்கியது. வேகமாகப் போக ஒரு படகு, மெதுவாகப் போக ஒன்று, தண்ணீர் ஸ்கூட்டர் இரண்டு, இவை போதாதென்று நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகைகள் மூன்று. உட்கார்ந்து போட வசதி இருக்கும்போது நின்று போடுவதுதான் இப்போது நாகரிகம்.

இந்த லுண்ட்தான் கோடை தொடங்கும்போது தீர்மானம் கொண்டுவந்தார். பல வீட்டார் சேர்ந்து வைத்திருக்கும் பகிர்வுத் துறையில் இனி இரண்டு படகுகளுக்கு மேல் கட்டலாகாது. தனித் துறைகளுக்கு வரம்பில்லை. வெர்னா எழுந்தாள்.

"தலைவரே, உங்க துறையில ஏழு கட்டியிருக்கு. எங்களோடதுல ஆறு. எது ஜாஸ்தி?"

"எண்ணிக்கையே இங்க பேச்சில்லம்மா. ஏழும் ஒரே குடும்பம். அது நெரிசல் ஆகாது. உங்களோடது ஆறு குடும்பம். ஒரே படகா இருந்தாக்கூட அது நெரிசல்தான். பெரிய மனசு பண்ணி ரெண்டு விட்டிருக்கோம்."

"மெதக்கிற படகுக்கு அது யார் வீட்டுதுன்னு தெரியுமா?"

"ஏரிக்குத் தெரியும்" என்றார் லுண்ட். மன்றம் பயபக்தியோடு தலையாட்டியது.

சந்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மறுநாளே ஆறு வீடும் கூடி, துறையை வெர்னாவுக்கே விற்றுவிட்டார்கள். விலை ஒரு தட்டு ஹாட்டிஷ். கொத்துக்கறியின்மேல் உருளைக்கிழங்குத் துண்டுகளை அடுக்கி அடுப்பில் சுட்டது. அதையும் ஆறு வீட்டாரும் உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்த்தார்கள். இனி துறை ஒரு குடும்பத்துச் சொத்து, மற்ற ஐந்து படகும் விருந்தாளிகள்.

ஊராட்சி ஆய்வாளர் பிரென்ட் அளவு நாடாவோடு வந்தார். வெர்னா காப்பி வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றார். மறுபடி கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றார். மூன்றாவது முறை கேட்டதும் வாங்கிக்கொண்டார். அந்த ஊரில் அதுதான் மரியாதை. முதல் தடவையே வாங்குகிறவன் பேராசைக்காரன். மூன்று தடவை கேட்காதவள் கொடுக்க மனமில்லாதவள். காப்பியைக் குடித்துவிட்டு பிரென்ட், இது தனித் துறைதான் என்று எழுதிக்கொண்டு போனார்.

லுண்டுக்குச் சட்டம் தெரியும். அடுத்த கூட்டத்தில் திருத்தம் வந்தது. 'யாதொரு துறையின்மீது ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்தார் கையாலேனும் காலாலேனும் ஸ்பரிசிக்க நேரிடுகிறதோ, அத்துறை பகிர்வுத் துறையாகவே கருதப்படும்.' வாசித்து முடித்ததும் அதன் அழகில் அவரே கொஞ்ச நேரம் சொக்கிப் போய் நின்றார்.

இரண்டு இடத்துக்குச் சந்தில் சீட்டுக் குலுக்கினார்கள். வெர்னா பேர் வரவில்லை. பேர் வந்த எதிர்வீட்டு கிளெண்டா, "லெஸ்டருக்குத்தான் அவசியம், என் இடத்தை எடுத்துக்கோ வெர்னா" என்றாள். வெர்னா முறைப்படி வேண்டாம் என்றாள். கிளெண்டா மறுபடி சொன்னாள். வெர்னா மறுபடி வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவைக்கு வெர்னா காத்துக்கொண்டிருக்கையில், கிளெண்டா "சரி, உன் இஷ்டம்" என்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

அந்தக் கோடை முழுக்க மிதவைப் படகு கொல்லையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. லெஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து லுண்டின் கார் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க வெர்னாவுக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு அவள் திருத்தத்தை எடுத்து மறுபடி படித்தாள்.

அந்த நாட்டில் குளிர்காலத்தில் ஏரி கல்லாக உறைந்துவிடும். உறைவதற்குள் துறைகளைக் கழற்றிக் கரையேற்றாவிட்டால் பனிக்கட்டி நெரித்துப் போடும். தனியாளால் ஆகிற வேலை இல்லை. அதனால் இலை உதிர்கிற காலத்தில் ஒரு சனிக்கிழமை ஊரே மார்புவரை வரும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு துறையாகப் போய்த் தூக்கி வைக்கும். அந்தச் சனிக்கிழமை காலை லுண்டின் துறையைத் தூக்க எட்டு வீட்டிலிருந்து எட்டு பேர் தண்ணீரில் இறங்கினார்கள். வெர்னா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சந்து வழியே வந்து, தண்ணீரோரம் போட்டு உட்கார்ந்து பிரென்டுக்கு போன் போட்டாள்.

"தம்பி, இங்க ஒரு பகிர்வுத் துறை இருக்கு. ஏழு படகு கட்டியிருந்தாங்க. வந்து பாருங்க."

"யாரோடதும்மா?"

"தலைவரோடது. எட்டு குடும்பம் தொட்டுக்கிட்டு நிக்குது."

பிரென்ட் வந்தார். திருத்தத்தை வாசித்தார். எட்டு பேரையும் பார்த்தார். நிலைமையின் தீவிரம் புரிந்ததும் முதல் வேலையாகத் தன் காலைத் துறைப் பலகையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார், தானும் ஒரு குடும்பம் அல்லவா.

"கைய எடுங்கய்யா எல்லாரும்" என்றார் லுண்ட்.

"எடுத்தா விழுந்துடும் ஆர்விட்" என்றான் தண்ணீரில் நின்ற ஒருவன்.

"விழட்டும். தொட்டீங்கன்னா என் படகுல அஞ்சு போயிடும்."

எட்டு பேரும் கையை எடுத்தார்கள். துறை தண்ணீருக்குள் சாய்ந்தது. விஷயம் பரவி, சாப்பாட்டு நேரத்துக்குள் ஏரியைச் சுற்றி ஒருவர் துறையை ஒருவர் தொடுவதில்லை என்றாயிற்று. கூலிக்கு ஆள் வைக்கலாமா என்று பிரென்டைக் கேட்டார்கள். கூலிக்காரனுக்கும் குடும்பம் உண்டே என்றார் அவர். திருத்தத்தைத் திருத்தலாமே என்றான் ஒருவன். அதற்கு அறிவிப்பு ஒட்ட வேண்டும், கருத்துக் கேட்க வேண்டும், அதற்குள் ஏரி உறைந்துவிடும். அதோடு கொள்கை என்று ஒன்று இருக்கிறதே என்றார் லுண்ட். கொள்கையின்படி அவரும் அவர் மனைவியும் தனியாகத் துறையை இழுத்தார்கள். அவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார்.

பிர்ச் சந்துக்கு மட்டும் எந்தத் தொல்லையும் இல்லை. அவர்கள் துறைதான் ஏற்கெனவே பகிர்வுத் துறை ஆயிற்றே. யார் தொட்டாலும் அதற்குமேல் கெட ஒன்றுமில்லை. ஆறு வீடும் சேர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டே கழற்றிக் கரையில் அடுக்கிவிட்டுக் காப்பி குடித்தார்கள்.

வசந்தத்தில் பனி உடைந்து காற்றோடு நகர்ந்தபோது, முன்வரிசைத் துறைகள் அத்தனையும் நொறுங்கிக் கரையேறின. லுண்டின் சோபா அவர் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. புதுத் துறை செய்து தருகிறவர்கள் அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். ஏரி முழுவதிலும் பிர்ச் சந்தின் துறை ஒன்றுதான் நின்றது.

நாலுகால் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு லுண்ட் வெர்னா வீட்டுக்கு வந்தார்.

"காப்பி வேணுமா?" என்றாள் வெர்னா.

"வேண்டாம்மா."

வெர்னா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டாவது முறை கேட்கவில்லை. லுண்டின் முகம் சுருங்கியதை லெஸ்டர் பார்த்தார்.

"ஒரே ஒரு படகும்மா. இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு சரிவுல எறங்கி ஏற முடியல."

"ரெண்டு படகுதானே சட்டம். ரெண்டும் நெறஞ்சிருக்கு. என் புருஷன் படகே கொல்லையில கெடக்கு."

"சட்டத்த மாத்திட்டா?"

"மாத்திட்டு வாங்க, பேசுவோம்."

மாற்றினார்கள். மன்றத்தில் எல்லோருக்கும் துறை போயிருந்ததால் ஒருவரும் எதிர்க்கவில்லை. பகிர்வுத் துறைக்கு வரம்பு நீங்கியது. அன்று சாயங்காலமே மிதவைப் படகு தண்ணீருக்குப் போனது. லெஸ்டர் கைப்பிடியைப் பிடித்து நடந்து ஏறி உட்கார்ந்தார். வெர்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஏரி அப்படி அமைதியாக இருந்தது. ஆறு படகைத் தவிர வேறு படகே இல்லை.

மறுநாள் ஆறு வீடும் வெர்னாவின் கார் கொட்டகையில் கூடியது.

"லுண்ட் படகுச் சாவியோட வருவார். என்ன சொல்றது?" என்றாள் வெர்னா.

"ஒருத்தர விட்டா அப்புறம் ஏரியே வந்து நிக்கும்" என்றாள் கிளெண்டா. "சந்துக்குன்னு ஒரு தன்மை இருக்கில்ல."

"ஆமா, தன்மை" என்றார்கள் மற்றவர்கள். என்ன தன்மை என்று யாரும் கேட்கவில்லை.

"வரட்டுமே" என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த லெஸ்டர். "அந்த மனுஷனுக்கும் கால் போச்சு. ஒரு வருஷம் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்தவன் நான், எனக்குத் தெரியும்."

"நீ சும்மா இரு. உனக்காகத்தானே இவ்வளவும்" என்றாள் வெர்னா.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, லெஸ்டரை எண்ணவில்லை. 'பகிர்வுத் துறை. பிறர் தொடலாகாது' என்று ஒரு பலகை வைப்பதாக முடிவாயிற்று. புது மரத்தைச் சுரண்டி விற்கிற அதே கடையில் சொல்லிச் செய்தார்கள். பலகை வைக்க ஊராட்சி அனுமதி வேண்டும். விண்ணப்பம் மன்றத்துக்கு வந்தது. லுண்ட் நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து, அந்த வாசகத்தை இரண்டு முறை படித்தார். தன் உபதேசம் பின்வரிசைவரை போய்ச் சேர்ந்துவிட்டதே என்று தன் படகையும் மறந்து பூரித்துப் போனார்.

"கடைசியில ஒருத்தராவது புரிஞ்சுக்கிட்டாங்க" என்று சொல்லி, முதல் ஆளாகக் கையைத் தூக்கி அனுமதி கொடுத்தார்.

வெர்னா பலகையைத் துறையின் முகப்பில் வைத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். லெஸ்டர் பக்கத்தில் நின்று வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கே. லுண்டுகிட்டயா கத்துக்கிட்டே?"

வெர்னா கடைசித் திருகாணியை முடுக்கி முடித்துவிட்டு, படகில் ஏற அவருக்குக் கை கொடுத்தாள். லெஸ்டர் அந்தக் கையைப் பிடிக்காமல், கால் இழுக்க இழுக்க, வீட்டைப் பார்த்து நடந்தார்.