சுருங்கிப்போன மிளகாய்ச் செடிகள்

செடி என்றால் வளரும், இல்லாவிட்டால் வாடும். நன்றாக இருக்கும்போதே குள்ளமாகும் என்று கண்டுபிடித்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். (இதை ஒப்புக்கொள்ள இப்போதுதான் தைரியம் வந்தது.)

முதுகலை வேளாண்மை படித்தபோது, நெம்மேலிக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு தோட்டத்தில் எனக்கு ஆய்வுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பாத்திக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மிளகாய் ரகங்கள். ரகத்துக்குப் பத்துச் செடியில் அட்டை கட்டி, திங்கட்கிழமைதோறும் உயரம், கிளை, அகலம் எல்லாம் குறிக்க வேண்டும். ஸ்கேலைத் தரையில் ஊன்றி நுனிக் குருத்துவரை அளப்பேன். ஐந்து வாரம் எல்லாம் ஒழுங்காக வளர்ந்தன.

ஆறாவது திங்கட்கிழமை, கடல் பக்கத்து ஆறு ரகங்களும் போன வாரத்தைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தன. மறுபடி அளந்தேன். அதே அளவு. ஆடு கடித்திருக்குமோ? நுனிக் குருத்தில் ஒரு பல் தடம்கூட இல்லை. மேற்குப் பக்கத்து மற்ற ஆறு ரகங்களோ ஜம்மென்று வளர்ந்திருந்தன.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் கண்டுபிடித்தேன். கடல் காற்று! உப்பு படிந்து தண்டு சுருங்குகிறது. உறுதிசெய்ய ஓர் இலையை நக்கிப் பார்த்தேன். கரித்தது. (மீசை வியர்வையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) நிமிர்ந்தால், தோட்டத்தில் வேலை செய்யும் மல்லிகா அக்கா வரப்பில் நின்றிருந்தார்.

"இன்னா தம்பி, நாஸ்தா துன்னலியா?"

"ஆராய்ச்சி, அக்கா" என்றேன் மிடுக்காக.

வியாழக்கிழமை ஆய்வுகளைப் பார்வையிட என் பேராசிரியரோடு வெளியூர் நிபுணர்கள் வந்தார்கள். அவரிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை. அவரும் அசந்து போகட்டும் என்று வைத்திருந்தேன். எட்டுப் பேர் முன்னால் 'உப்புக்காற்றுச் சுருக்கம்' என்று பெயரே சூட்டிவிட்டேன்.

ஒரு நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். "செடி சுருங்குமா தம்பி?"

"முதல்ல நானும் நம்பல சார்" என்று குறிப்பேட்டை நீட்டினேன்.

அடுத்த பாத்தியிலிருந்து மல்லிகா அக்கா குரல் கொடுத்தார். "சனிக்கெழம நாங்கதான தம்பி மண்ணு அணைச்சோம்? இந்தாண்ட ஆறு பாத்தி முடிச்சோம், மழ வந்துட்ச்சி. அந்தாண்ட அப்டியே கீது. செடி எங்க குட்டையாச்சி? தரதான் மேல ஏறிகீது!"

முதலில் சிரித்தவர் அந்தக் கண்ணாடிக்காரர்தான். பேராசிரியர் சிரிக்கவில்லை. "மண் அணைக்கச் சொன்னதே நான்தான்பா. செடி சாயாம இருக்க அடியில மண்ணைக் குவிக்கணும்னு வகுப்புல நடத்தினேனே, நீ வந்திருந்தியா?"

எனக்கும் கழுத்துவரை மண் அணைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"நாளைக்குள்ள சரியான அளவு வரணும். இல்லன்னா திரும்பவும் நாத்து விடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு ஒரு பருவமே வீணாகும். அறுபது செடிகள். பழைய தரைமட்டம் எது என்று எப்படித் தெரியும்?

"மண்ணுல கைய வுடு" என்றார் மல்லிகா அக்கா. "பொலபொலன்னு கீறது புது மண்ணு. கெட்டியா தட்டுப்பட்டா பழைய தர."

இருவரும் இருட்டுவதற்குள் அறுபதையும் தோண்டி அளந்தோம். மறுநாள், அக்கா தன் மகளின் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுவந்து ஒவ்வொரு தண்டிலும் பழைய தரைமட்டத்துக்கு மேலே சரியாகப் பத்து சென்டிமீட்டரில் கோடு போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு தரையைப் பார்க்காமல் கோட்டிலிருந்து அளந்து பத்தைக் கூட்டிக்கொண்டேன். பட்டமும் கிடைத்தது.

இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. இப்போது மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால், அலை மணலை அரித்துக் கால் புதையத் தொடங்கியதும் என் ஏழு வயது மகள் கூட்டத்தின் நடுவே கத்துகிறாள்:

"அப்பா, நான் சுருங்குறேன்! சீக்கிரம் அளந்து எழுதிக்கோ!"