கிழக்கறைக் கதவு முற்றுகைப் படலம்

முப்பத்தொரு ஆண்டுகள் அஞ்சலகத்தில் அமர்ந்து, அயராமல் சலியாமல், தபால்தலைகளின் தலைமீது முத்திரையை ஓங்கி ஓங்கிக் குத்திய வலக்கரத்தோன் வாழ்க! ஓய்வு பெற்ற மறுமாதமே, ஓடு சரிந்து, உத்திரம் அரித்து, வௌவால்கள் தலைமுறை தலைமுறையாய் அரசாண்ட பழம் பண்ணைவீட்டை மனைவியைக் கேளாமலே வாங்கிய அஞ்சா நெஞ்சன் வாழ்க! அவன் புகழ் பாடப் புகுந்த பேனாவே, பாதியில் மை வற்றிக் காலை வாராதிரு.

செய்தி கேட்ட நாளில் மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். வெங்காயம் நறுக்கிய கை நிற்காமலே ஆணையிட்டாள்:

"கதவத் திறந்து காலை வைக்கிற மாதிரி ஒரே ஒரு ரூம் ரெடி பண்ணுங்க, வந்து பாக்கறேன். இல்லேன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க வௌவாலோட குடும்பம் நடத்துங்க."

மூண்டது பெரும்போர். கிழக்கறையைக் களமாகக் கொண்டான் வீரன். ஏன் கிழக்கு? வாடகை வீட்டில் அவளுடைய தையல் மெஷின் முப்பது வருடமும் இருட்டுச் சுவரைப் பார்த்தே நின்றது. இங்கே ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கட்டும் என்பதே அவன் எவரிடமும் சொல்லாத போர்க்காரணம். கறையானைக் கருவறுத்தான். ஒட்டடைக் கொடிகளை வீழ்த்தினான். துருவேறிய ஜன்னல் கம்பிகளைப் பிடுங்கி எறிந்தான். முடிவில், கொத்தனாரை அழைப்பது இழுக்கென்று எண்ணி, பழைய தரையின் மேலேயே சிமெண்ட் கலவை பரப்பி, தானே டைல்ஸ் பதிக்கத் துணிந்தான்.

வாசலோரம் முதல் வரிசைக்குக் கலவை விரித்ததுதான் தாமதம், பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்படை திறந்த கதவு வழியே அணிவகுத்துப் புகுந்து, ஈரத்தில் தன் பாதங்களைப் பதித்துப் போயிற்று. முத்திரைக் கரத்தோனுக்கே முத்திரை! வெகுண்டான், கதவை அறைந்து சாத்தினான், சாத்திய கதவை ஒட்டியே முதல் டைலை வைத்து, பின்னோக்கிப் பின்னோக்கிப் பதித்து, கடைசி டைலோடு ஜன்னல் வழியே வெளியே பாய்ந்தான்.

மூன்றாம் நாள் முற்பகல், மைத்துனனின் கார் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை. பெட்டியோடு இறங்கினாள் மனைவி. திறப்புவிழா காணும் வேந்தனென முன்னடந்த வீரன், கிழக்கறைக் கதவைத் தள்ளினான்.

அசையவில்லை.

உள்ளங்கையால் தள்ளினான், தோளால் மோதினான், மதயானை கோட்டை வாயிலில் முட்டுவதுபோல் முதுகால் முட்டினான். நிலைக்கு மேலிருந்த சுண்ணாம்புக் காரை பெயர்ந்து அவன் தலையில் பூமாரியாய்ப் பொழிந்தது. மைத்துனன் முழங்கினான்: "மாப்ள, வீடு வாங்குனீங்க சரி, வழிய வாங்க மறந்துட்டீங்களா?"

கூரைமேல் சட்டம் மாற்றிக்கொண்டிருந்த தச்சர் ஏணியில் இறங்கி வந்து, ஜன்னலில் தலைநீட்டிப் பார்த்து, தீர்ப்புரைத்தார். "கதவு மேல தப்பில்ல சார். அது உள்பக்கமாத் திறக்குற கதவு. தரைதான் ஒன்றரை அங்குலம் வளந்துடுச்சு. அடியில அறுக்கணும். மெஷின் வீட்ல இருக்கு, நாளைக்குத்தான்."

நாளை! இன்றல்லவா எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கிறது! முகத்தில் ஈயாடாமல் சிமெண்ட் மூட்டைமேல் சாய்ந்தான் வீரன். வௌவால்களோடு நடத்தப்போகும் நெடுங்குடும்பம் அவன் கண்முன் தலைகீழாய்த் தொங்கியது.

மனைவியோ வீட்டைச் சுற்றிப் போனாள். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். பளிங்கெனத் தரை, அதன்மேல் வெயில், ஜன்னலை ஒட்டிச் சுவரில், தையல் மெஷின் உயரத்துக்கு, புத்தம்புது ப்ளக் பாயிண்ட். நெடுநேரம் அதையே பார்த்தாள். பின் செருப்பைக் கழற்றினாள். பெட்டியை உள்ளே இறக்கினாள். ஐம்பத்தாறு வயதையும் முழங்கால் வலியையும் ஒருசேர ஜன்னல் விளிம்பின்மேல் ஏற்றி, மதிலேறிக் குதிக்கும் மறவர்படையே நாணும்படி உள்ளே குதித்தாள். எஞ்சின் அணைந்தது. மூவரும் மூச்சடக்கி நிற்க, உள்ளிருந்து அவள் குரல் எழுந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போடச் சொன்னாள்.